சந்தனப் பொட்டு வைத்த டியூப்

என் பாசத்துக்குரிய மச்சான் செல்வராசு,

நீ கண்ணை மூடி ஒரு வருடம் ஆகிறது. கடலூரில் இப்போதெல்லாம் கரண்ட் இருக்கிற நேரத்தைவிட இல்லாத நேரம்தான் ஜாஸ்தி. உன் மலர் அழுவதை நிறுத்திவிட்டாள். அண்ணனாக எனக்கு அதில் நிம்மதி. ஆனால் பழைய வால்வு ரேடியோ மாதிரி உள்ளே கண்ணாடி டியூப் எரிகிற உன் சிடி பிளேயரை உன் வேட்டியால் போர்த்தி வைத்திருந்தாள். வீட்டில் ஒரு வருடமாகப் பாட்டே இல்லை. இப்படியே இருந்தால் என் தங்கை என்ன ஆவாள் என்று எனக்குப் பயம்.

"டியூபுக்கு ஆயுசு இத்தன மணி நேரந்தான்னு அவரு சொல்லுவாருண்ணே. அவரு கேட்ட டியூபு. நாம போட்டுத் தீத்துடக் கூடாது" என்றாள்.

அந்த மிஷினை நான் கிண்டல் செய்தது கொஞ்சமா? சிடியில் இருப்பது வெறும் எண்கள், எதில் போட்டால் என்ன என்பது என் கட்சி. சிப்காட்டில் ஷிப்ட் முடித்து வந்து, ஸ்விட்சைப் போட்டு, டியூப் சூடாகப் பத்து நிமிடம் பூசாரி மாதிரி காத்திருப்பாய். "நாயனக்காரரு மூச்சு வாங்குறது கேக்குதா மச்சான்?" என்பாய். கேட்டது. தவில் அடித்து ஓய்ந்த பிறகு அந்தத் தோலின் அதிர்வு மெதுவாக அடங்குவதும் கேட்டது. ஒப்புக்கொண்டால் நீ விடமாட்டாய் என்று வாயைத் திறக்கவில்லை.

இன்னொன்றும் சொல்லவில்லை. நான்கு வருடத்துக்கு முன் ஆயுத பூஜையன்று நீ பாட்டுக் கேட்டுவிட்டு ஷிப்டுக்குப் போனாய். எல்லா மிஷினுக்கும் பொட்டு வைத்துக்கொண்டு வந்த நான், உன் பிளேயரின் மூடியைத் திறந்து, டியூபுக்கே வைத்தேன். சூட்டில் இருந்த கண்ணாடியில் ஈரச் சந்தனம். 'டிக்' என்று ஒரு சத்தம், இடது பக்கத்து டியூப் விரிசல் விட்டுவிட்டது. மலர் அடுப்படியில் சுண்டல் தாளித்துக்கொண்டிருந்தாள்.

சிதம்பரத்துக்கு பஸ் ஏறினேன். எனக்குத் தெரிந்த மைக் செட் கடைக்காரர் பூஜை போட்டு ஷட்டரை இறக்கிவிட்டார். "இன்னைக்கி வியாபாரம் பண்ணமாட்டேன். சும்மா எடுத்துக்கினு போ, நாளைக்கி வந்து காசு குடு" என்றார். கல்யாண மைக் செட்டுக்குப் போடுகிற டியூபை உன் அருமை மிஷினில் சொருகினேன்.

மறுநாள் விஜயதசமி. பூஜை போட்டதை எடுத்து வேலை வாங்க வேண்டிய நாள். நீ உட்கார்ந்து கேட்டாய். "பூஜ போட்டதும் மிஷினு தெளிஞ்சிடுச்சு மச்சான்" என்றாய். உன் காதுப் பெருமையை நினைத்து அன்று எவ்வளவு சிரித்தேன் தெரியுமா?

போன ஞாயிற்றுக்கிழமை மலரிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். உன் மானம் போனாலும் பரவாயில்லை, பொத்தி வைத்திருப்பதில் ஒன்று மைக் செட் டியூப்தான் என்று தெரிந்தாவது அவள் அந்த வேட்டியை எடுக்கட்டும் என்றுதான் சொன்னேன். அவள் சிரித்துவிட்டாள்.

"அவருக்கு அன்னைக்கே தெரியும்ணே. எடப் பக்கம் கரகரங்குது, உங்கண்ணன் டியூப மாத்திட்டான்னாரு. அண்ணங்கிட்டயே கேக்குறதுதானேன்னேன். டியூபு போனா வேற டியூபு வாங்கிக்கலாம், மச்சான் மூஞ்சி வாடிப்போனா நான் எங்க போயி வாங்குறதுன்னாரு."

'வேற டியூபு வாங்கிக்கலாம்' என்று தான் சொன்னது அவள் காதிலேயே விழுந்திருக்க வேண்டும். எழுந்து போய் வேட்டியை எடுத்து மடித்தாள். ஸ்விட்சைப் போட்டாள். பத்து நிமிடம் இரண்டு பேரும் காத்திருந்தோம். கரண்ட் போகிறவரை கேட்டோம். நான் அழுதேன் மச்சான், அதையும் சொல்லிவிடுகிறேன்.

இந்த டியூபும் ஒருநாள் போகும். வேறு போடுவேன், உன்னிடம் சொல்லிவிட்டுத்தான் போடுவேன். உன் வீட்டில் இனிப் பாட்டு நிற்காது, அது என் பொறுப்பு.

நான்கு வருடம் உன்னை ஏமாற்றிவிட்டதாக நம்பிக்கொண்டிருந்த
உன் மச்சான்,
குணா