வர்ஷினி சொன்ன என் அம்மா

அம்மாவுக்கு, கோயம்புத்தூர் ஹாஸ்டலிலிருந்து முருகலட்சுமி. நான் சுகம். கரிமூட்டப் புகையில் உனக்குக் கண் எரிவது குறைந்ததா?

காலேஜில் இங்கிலீஷ் வகுப்பை இப்போது ஜோடி ஜோடியாக நடத்துகிறார்கள். சேர்ந்து படித்தால் கூச்சம் போகுமாம். எனக்குக் கூடிப்போனது. ஒருத்தி வீட்டைப் பற்றி அடுத்தவள் விசாரித்து எல்லார் முன்னாலும் பேச வேண்டும். என் ஜோடி வர்ஷினி, "இவ அம்மா வேலைக்கெல்லாம் போறதில்ல, வீட்ல ஓய்வா இருக்காங்க" என்பதை அழகாக இங்கிலீஷில் சொன்னாள். எல்லாரும் கைதட்டினார்கள். அவளிடம் அப்படிச் சொன்னது நான்தான். நீ விறகை அடுக்கி மண்ணால் மூடி எரித்துக் கரிமூட்டம் போடுவதைச் சொல்ல எனக்கு இங்கிலீஷ் தெரியும் அம்மா, வாய்தான் வரவில்லை.

லீவுக்கு அவளும் என்னோடு நம்ம நரிக்குடிக்கு வருகிறாளாம். "அந்த வாரம் மட்டும் மூட்டம் போடாதம்மா" என்று எழுதத்தான் உட்கார்ந்தேன்.

ஊருக்குக் கிளம்பும் துர்காதேவி அக்கா கடிதத்துக்காக நிற்கிறாள். அவளிடமே கொஞ்சம் கருப்பட்டி கொடுத்துவிடு.

அந்த வாரமும் மூட்டம் போடு அம்மா.