இரண்டு முறை வந்த இரண்டரை மணி

1976 மார்ச், திங்கள் இரவு. சிட்னி.

வேலை போனாலும் போகட்டும். நான் செய்தது சரிதான்.

கோடைகால நேரம் முடிந்து, ஞாயிறு விடியற்புறம் மூன்று மணி மறுபடி இரண்டு மணியானது. எங்கள் பேக்கரியில் மாவு பிசையும் இயந்திரத்தைக் குறித்த நேரத்தில் தானாக ஓடவைக்கும் எலக்ட்ரோனிக் டைமரையும் ஃபோர்மன் பின்னே திருப்பிவிட்டார். அப்படிச் செய்தால் இரண்டரைக்கு ஓடிய இயந்திரம் திரும்பவும் இரண்டரைக்கு ஓடும் என்று வெள்ளிக்கிழமையே சொல்லியிருந்தேன். சிரித்தார். நான் சொன்னபடியே ஓடி, பிசைந்த மாவையே மறுபடி பிசைந்தது. அத்தனையும் குப்பைக்குப் போனது.

இன்று, டைமரைப் பிழையாக அமைத்தது நான்தான் என்று எழுதியிருந்த ஒரு தாளை என்னிடம் நீட்டிக் கையெழுத்துக் கேட்டார். அதன் கீழே, வெள்ளிக்கிழமை நான் சொன்னதையும் அவர் சிரித்ததையும் எழுதி, அதற்குக் கையெழுத்து வைத்தேன். அவர் முகம் சிவந்துவிட்டது.

வீட்டில் கணவர் கேட்டார்: "பேசாமல் கையெழுத்தை வைச்சிருக்கலாமெல்லோ? எனக்கும் இன்னும் வேலை கிடைக்கேல்லை."

"என்ரை பிழை இல்லை. வைக்கமாட்டன்."

அவர், "ஓம், ஏன் வைக்கவேணும்?" என்று எழுந்துபோய் என் வேலைச் சட்டையை அயன் பண்ணினார்.

நாளை காலை ஏழு மணிக்குப் பேக்கரியில் நிற்பேன். இனி வேலைக்கு வராதே என்பதை ஃபோர்மன் என் முகத்தைப் பார்த்துச் சொல்லட்டும்.