கிளட்ச் இல்லாத கார்

இன்று காலை வாசல் கேட்டுக்குப் பூசுவதற்காக மகள் வண்ண அட்டை கொண்டுவந்தாள். வரிசையாக ஒட்டியிருந்த சின்னக் கட்டங்களில் ஒரு வெளிர்நீலத்தின் மேல் என் விரல் நின்றுவிட்டது. சுவரில் படமாக இருக்கும் உங்களோடு பேசவேண்டும்போல் இருந்தது.

சுதந்திரம் கிடைத்துச் சில ஆண்டுகள்தான் ஆகியிருந்தன. நில அளவை அலுவலகத்திலிருந்து வந்ததும் நீங்கள் ஆசைப்பட்ட ஓர் அமெரிக்கக் காரின் விவரப் புத்தகத்தோடு உட்கார்ந்துவிடுவீர்கள். அமெரிக்காவில் அது சின்னக் காராம். நம் காஜா பேராங் சந்துக்கு அது கப்பல். ஆறு சிலிண்டர் எஞ்சினிலேயே சிறியது, பெரியது என இரண்டு. ஸ்டீயரிங் பக்கத்துத் தண்டில் மூன்று கியர்; வேண்டுமானால் இடது காலால் கிளட்ச் மிதிக்கத் தேவையில்லாத ஆட்டோ கியர். பெரிய எஞ்சின், கை கியர், கறுப்பு வண்ணம் என்று எப்போதோ முடிவு செய்திருந்தீர்கள். சாப்பிடும்போதுகூட உங்கள் இடக்கை காற்றில் கியர் மாற்றும்.

பண்டார் ஹிலிர் கார் கடையில் விற்பனையாளர், "யார் யார் ஓட்டுவீங்க?" என்று கேட்டார். நீங்கள் என்னைத் திரும்பிப் பார்த்தீர்கள். சிறுவயதுக் காய்ச்சலில் சூம்பிப்போன என் இடது காலை அல்ல, என் முகத்தை.

"இவங்களும் ஓட்டுவாங்க. கிளட்ச் இல்லாததே போடுங்க."

"ஆட்டோ கியர்னா பெரிய எஞ்சின் வர ஆறு மாசம் ஆகும்லா, சார். சின்னதுதான் இருக்கு. ஏத்தத்துல கொஞ்சம் திணறும்."

"பரவால்ல. கலரையும் இவங்ககிட்டயே கேளுங்க."

அவர் வண்ண அட்டையை நீட்டினார். வெளிர்நீலத்தைத் தொட்டுக் காட்டினேன்.

உங்கள் அண்ணன் வந்து பார்த்துவிட்டு, "என்னடா, பொம்பள கியர் வாங்கியிருக்க?" என்றார்.

"ஆமாண்ணே, அவளுக்குத்தான் வாங்கினேன்" என்றீர்கள்.

உஜோங் பாசிர் சாலையில் எனக்கு ஓட்டப் பழக்கினீர்கள். லைசென்ஸ் இரண்டாம் முறைதான் கிடைத்தது. அடுத்த மாதமே செமாபோக்கில் ஒரு பள்ளியில் வேலைக்குச் சேர்ந்தேன். அதுவரை யாராவது கொண்டுபோய் விட்டால்தான் எனக்கு வெளியுலகம்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை உங்கள் நண்பரின் காரை ஓட்டிப் பார்த்தீர்கள். மூன்று கியரையும் மாற்றி மாற்றி ஒரு சுற்றுப் போய்வந்தபோது உங்கள் முகத்தில் இருந்த சந்தோஷத்தைப் பார்த்துக்கொண்டே நின்றேன். கடலோரமாக நம் காரில் வீடு திரும்பினோம். நான்தான் ஓட்டினேன்.

"எனக்காக ஆசைப்பட்டத விட்டுட்டீங்களே, வருத்தமா இல்லையா?"

"கொஞ்சம் இருக்கு" என்றீர்கள். உங்களுக்குப் பொய் சொல்ல வராது. "ஆனா நீ ஓட்டுனாத்தான் நான் கடலப் பாத்துக்கிட்டு வரமுடியுது."

இப்போது மகள் ஓட்டுகிறாள். உங்கள் இடத்தில் நான் உட்கார்ந்து வருகிறேன். போன வாரம் கடலோரம் வந்ததும், "கொஞ்சம் மெதுவாப் போம்மா" என்றேன்.

"ஏம்மா?"

"அப்பா பாக்கட்டும்" என்று வாய் தவறி வந்துவிட்டது.

அவள் வேகத்தைக் குறைத்தாள்.