கணக்கில் வராத பச்சைப் பெட்டி

போபோடி, புனே
25-4-2004

அன்பு மகள் அம்முவுக்கு அம்மா எழுதுவது,

நானும் அப்பாவும் உடம்பளவில் சௌக்கியமாக இருக்கிறோம், மனசளவில் சௌக்கியமாக இருப்பது அப்பா ஒருவர்தான். ஏப்ரலிலும் குளிர்கிறது என்றாயே, அந்த ஸ்டுட்கார்ட் குளிரில் நீ காதை மூடிக்கொண்டு நலமாக இருக்க வேண்டும். அப்பாவுக்குக் கண்ணில் புரை எடுத்தது நன்றாக ஆறிவிட்டது, ஆனால் கறுப்புக் கண்ணாடியைக் கழற்ற மாட்டேன் என்கிறார், எதிர் வீட்டில் யாரோ ஹீரோ என்று கூப்பிட்டுவிட்டார்களாம். வாராவாரம் போனில் பேசுகிறவள் எதற்குக் கடிதம் எழுதுகிறாள் என்று நினைப்பாய். போனில் சொன்னால் நீ என்னைத் தடுத்துவிடுவாய், அதுதான் காரணம். நீ எழுத்துக்கூட்டித் தமிழ் படிக்கிறவள், பொறுமையாகக் கடைசிவரை படி.

எங்கள் கம்பெனியில் ஏப்ரல் ஒன்றாம் தேதி, சரக்குக் கணக்கையெல்லாம் கம்ப்யூட்டரிலேயே பார்க்கிற இ.ஆர்.பி. சாஃப்ட்வேர் வந்தது உனக்குத் தெரியும். அது உன் தொழில், நீ பெருமைப்பட்டாய், நானும் உன்னால் பெருமைப்பட்டேன். வந்த விதத்தைப் பார்த்தால் எனக்குச் சீ என்றாகிவிட்டது. கம்ப்யூட்டருக்குச் சாமந்தி மாலை போட்டுத் தேங்காய் உடைத்து, ஆளுக்கொரு மஞ்சள் டீ-ஷர்ட் கொடுத்து, கேன்டீனில் பெரிய கேக் வெட்டினார்கள். ஹிஞ்சேவாடி ஐ.டி. பார்க்கிலிருந்து காரில் வந்து இறங்குகிற கன்சல்டன்ட் ஷ்ரேயஸ் நம் ஊர்க்காரன்தான், ஆன்ட்டி ஆன்ட்டி என்று உருகுவான், ஆனால் மீட்டிங்கில் நானும் ஒரு யூஸர், அவ்வளவுதான். இருபத்து மூன்று வருஷம் ஸ்டோர்ஸ் பார்த்தவளுக்கு அங்கே பெயர்கூட இல்லை. அசெம்பிளி லைனில் நிற்கிறவன் ஒரு பேரிங் கேட்டால் முன்பு சீட்டைப் பார்த்து எடுத்துக் கொடுப்பேன், இப்போது ஏழு ஸ்கிரீன் தாண்ட வேண்டும். சீட்டு எழுதக் கூடாது என்று உத்தரவு போட்டதால் எல்லாரும் உள்ளங்கையில் பேனாவால் எழுதிக்கொண்டு அலைகிறார்கள். இதெல்லாம் போகட்டும், இதற்காக நான் பேனா எடுக்கவில்லை.

பதினாலாம் ரேக்குக்கு அடியில் ஒரு பச்சை டிரங்குப் பெட்டி இருந்தது, நீ சின்ன வயதில் ஆயுத பூஜைக்கு வந்தபோது அதன் மேல் உட்கார்ந்துதான் பொரி தின்றாய். சப்ளையர்கள் ஒவ்வொரு லோடிலும் சொத்தை விழுந்தால் இருக்கட்டும் என்று பத்து இருபது உருப்படி அதிகமாக அனுப்புவார்கள். சொத்தை விழாமல் மிஞ்சினதை நான் கணக்கில் ஏற்றாமல் அந்தப் பெட்டியில் போட்டு வைப்பேன். எங்கள் பேக்டரி இருக்கிற சாகண் பக்கம் எந்த ஸ்டோர்ஸிலும் இப்படி ஒரு பெட்டி இருக்கும். லாரி வராத நாளில் லைன் நிற்காமல் ஓடினது அந்தப் பெட்டியால்தான். புரொடக்ஷன் மேனேஜர் ஸாவந்த் சாஹேப் ஓடி வந்து, மேடம் உங்கள் கஜானாவைத் திறங்கள் என்று எத்தனை தடவை கேட்டிருக்கிறார் என்பதற்குக் கணக்கே இல்லை. ஒரு ஸ்க்ரூகூட வீட்டுக்கு வந்ததில்லை என்று உனக்குத் தெரியும்.

மார்ச் மாதம் நீ போனில் என்ன சொன்னாய், எதையும் ஒளித்து வைக்காதே அம்மா, எல்லாவற்றையும் எண்ணி உள்ளே ஏற்றிவிடு, மற்றதை சிஸ்டம் பார்த்துக்கொள்ளும் என்றாய். எனக்கும் அது சரி என்றே பட்டது. சரக்கு எண்ணுகிற முப்பதாம் தேதியன்றுதான் அப்பாவுக்கு ஆபரேஷன், நான் லீவு. முந்தின நாள் ஜெபமணியைக் கூப்பிட்டு, பெட்டியைத் திறந்து காட்டிவிடு, என் மகள் சொல்லிவிட்டாள், பயமில்லை என்றேன். பதினான்கு வருஷமாக என்கூட ஸ்டோர்ஸில் நிற்கிற மனுஷன், சரிக்கா என்றான், அவ்வளவுதான். திறந்து காட்டினான். ஹெட் ஆபீஸிலிருந்து வந்தவர்கள் அத்தனையும் எண்ணி எழுதிவிட்டு, கணக்கில் இல்லாத சரக்கை வெளியே விற்க வைத்திருக்கிறீர்கள், யாருடையது இது என்றார்கள். ஸாவந்த் சாஹேப் இப்படி ஒரு பெட்டியை இப்போதுதான் பார்க்கிறேன் என்றாராம். ஜெபமணி அவர் முகத்தைப் பார்த்துவிட்டு, மேடத்துக்கும் ஒன்றும் தெரியாது, சாவி என்னிடம்தான் இருக்கிறது என்று சொல்லிவிட்டான். அன்று சாயங்காலமே சஸ்பெண்ட் ஆர்டர் கையில் கொடுத்துவிட்டார்கள். பெட்டிக்கு அரக்கு சீல் வைத்து அங்கேயே போட்டுவிட்டார்கள்.

மறுநாள் நான் போனதும் ஸாவந்த் தனியாகக் கூப்பிட்டு, லீவில் இருந்தது உங்கள் அதிர்ஷ்டம், ஓய்வுக்கு இரண்டு வருஷம் இருக்கிறது, வாயைத் திறக்காதீர்கள் என்றார். அம்மு, நான் வாயைத் திறக்கவில்லை. அன்றைக்கு இல்லை, அடுத்த நாளும் இல்லை, இன்றோடு மூன்று வாரத்துக்கு மேல் ஆகிறது. காலையில் ஆறேகால் பஸ் ஏறும்போது ஜெபமணி வீட்டுப் பக்கம் பார்க்காமல் ஏறுகிறேன். அந்த சாஃப்ட்வேரைப் பார்த்தால் வருகிற அருவருப்பைவிடக் கண்ணாடியில் என்னைப் பார்த்தால் வருகிறது அதிகம். ஈஸ்டருக்கு வழக்கம்போல் அவன் மனைவி ஜான்சி கேக் கொண்டு வந்தாள், புருஷன் வேலையில்லாமல் உட்கார்ந்திருக்கிற வீட்டிலிருந்து. உள்ளேகூட வரவில்லை, வாசலிலேயே நின்று, "வருத்தப்படாதீங்கக்கா, அவுக தப்பு பண்ணலன்னு உங்களுக்குத் தெரியும்லா" என்று சொல்லிவிட்டுப் போனாள். குத்திச் சொல்லவில்லை, எனக்கு ஆறுதலாகத்தான் சொன்னாள். அந்தக் கேக்கை ஒரு துண்டு வாயில் போட்டுவிட்டு மூடி வைத்துவிட்டேன். நாலு நாள் டப்பாவில் இருந்து பூஞ்சை பிடித்துவிட்டது.

அதற்கு அடுத்த வாரம் என்ன நடந்தது தெரியுமா, லைன் நின்றது. பதினொரு வருஷத்தில் முதல் தடவை, இரண்டு ஷிப்ட் முழுக்க. ஒரு சின்ன லாக் வளையம் இல்லை. ஸ்கிரீனில் அறுநூறு இருப்பதாகப் பச்சையாக எரிகிறது, ரேக்கில் ஒன்றுகூட இல்லை. விசாரித்தால், ஹெட் ஆபீஸ்காரர்கள் பார்க்கும்போது சிவப்பு தெரியக் கூடாது என்று, நாசிக்கிலிருந்து கிளம்பவே கிளம்பாத லாரியை வந்துவிட்டதாகக் கம்ப்யூட்டரில் ஏற்றச் சொன்னது ஸாவந்த். ஷ்ரேயஸ் வந்து பார்த்து, சிஸ்டம் கரெக்ட் ஆன்ட்டி, யூஸர் தப்பு என்றான். அந்த வளையம் முன்னூற்று நாற்பது, சீல் வைத்த பச்சைப் பெட்டிக்குள் இருக்கிறது. ஸாவந்த் வந்து நின்று பெட்டியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், போய்விட்டார். இருக்கிற சரக்கை எழுதாதவன் திருடன், இல்லாத சரக்கை எழுதச் சொன்னவருக்குக் கேக் வெட்டின அன்று மேடையில் சால்வை. இதற்காகவா ஒரு வருஷம் இவ்வளவு பேர் மெனக்கெட்டீர்கள் என்று உன்னைக் கேட்க வேண்டும்போல் இருந்தது. உன்மேல் குற்றம் சொல்லவில்லை, கொஞ்சம் சொல்கிறேன்தான். நீ சொன்னது நியாயம். அந்த நியாயத்தை நானே போய்ச் செய்யாமல் இன்னொருவனை அனுப்பிச் செய்தேன், அது என் தப்பு.

வருகிற வியாழக்கிழமை ஜெபமணிக்கு விசாரணை. பெட்டி என்னுடையது, வைத்தது நான், திறக்கச் சொன்னதும் நான், ஸாவந்த் கேட்டு எடுத்துக் கொடுத்த நாட்கள் இவை என்று இரண்டு பக்கம் எழுதி வைத்திருக்கிறேன். தேதிகளுக்கு என் பழைய டைரிகள் இருக்கின்றன, அந்த டைரிகளைக் கம்ப்யூட்டரில் ஏற்ற யாரும் கேட்கவில்லை, நல்லதாய்ப் போயிற்று. வேலை போகலாம். அப்பாவிடம் படிக்கக் கொடுத்தேன். கறுப்புக் கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் படித்தார், எழுந்து போய் வியாழக்கிழமைக்கு என் சாம்பல் நிறக் காட்டன் புடவையை இஸ்திரி போட்டு வைத்தார். கடிதம் உன் கைக்கு வரும்போது வியாழன் தாண்டியிருக்கும், இனி நீ தடுக்க முடியாது. ஜூன் மாதம் ஏதோ பேக்டரிக்குச் சரக்கு எண்ணப் போகிறேன் என்றாயே, அங்கேயும் ரேக்குக்கு அடியில் ஒரு பெட்டி இருக்கும். எண்ணுவதற்கு முதல் நாளே போய் அந்த ஸ்டோர்ஸ்காரரோடு ஒரு காபி சாப்பிடு. அவர் சொல்வதைக் கேட்டுக்கொண்டு, அதற்கு நீ பொறுப்பெடுத்துக்கொள்ள முடிந்தால் மட்டும் திறக்கச் சொல்.

ராத்திரி தலைக்குக் குளித்துவிட்டு ஈரத்தோடு படுக்காதே. புளிக்காய்ச்சல் தீர்ந்திருந்தால் எழுது, ஆள் வந்தால் கொடுத்தனுப்புகிறேன். உன் முதல் இன்டர்வியூ அன்று கொட்டுகிற மழையில் யார் தன் லூனா வண்டியில் உன்னை ஹிஞ்சேவாடிவரை கொண்டுபோய் விட்டது என்று உனக்கு ஞாபகம் இருக்கும், நனைந்துவிடக் கூடாது என்று உன் சர்ட்டிபிகேட் பைலைத் தன் சட்டைக்குள் வைத்துக்கொண்டு போனவன். அதனால் போன் செய்யும்போது உன் வேலை என்ன ஆயிற்று அம்மா என்று முதலில் கேட்காதே. ஜெபமணி மாமா பேக்டரி கேட்டுக்குள்ளே போய்விட்டாரா என்று கேள்.

எங்கள் இருவர் ஆசியும் உனக்கு எப்போதும் உண்டு, நீ நன்றாக இருப்பாய்.

உன் அம்மா,
கனகவல்லி சுப்ரமணியன்