ஆற்றில் கிடக்கும் துப்பாக்கிக்குக் கூடுகள்

வெஸ்லி,

பீன்ஸும் சோள ரொட்டியும் அடுப்பில் இருக்கின்றன. டிரக்கை நான் எடுத்துப் போகிறேன்.

காலையில் உன் பட்டறை மேசையைப் பார்த்தேன். 338 மேக்னம் அளவு வெற்றுத் தோட்டாக் கூடுகளின் வாயை அப்பாவின் 35 அளவுத் துப்பாக்கிக்கு விரித்து, வெடிக்காமலிருக்கக் கழுத்தில் தீ காட்டிப் பதமாக்கி, வரிசையாக நிறுத்தி வைத்திருக்கிறாய். அவர் வேலையைவிடச் சுத்தம். ஆனால் கடைசியில் அவர் துப்பாக்கியிலேயே ஒருமுறை சுட்டால்தான் அவை முழு வடிவம் பெறும். அந்தத் துப்பாக்கி அவரோடும் படகோடும் ஆற்றுக்கடியில் கிடக்கிறது. தேடுவதையும் நிறுத்திவிட்டார்கள்.

"அப்பா வந்து, 'என் கூடெல்லாம் எங்கடா சோம்பேறி'ன்னு கேட்டா நான் என்னம்மா சொல்றது?" என்று நேற்றுக் கத்தினாய். கேட்க மாட்டார், வெஸ்லி.

உன் துப்பாக்கி 338தானே? மீதிக் கூடுகளை விரிக்காமல் அதற்கே தோட்டா செய். எல்க் மானுக்கு அது தாராளம். குளிர்பெட்டியில் இறைச்சியே இல்லை.

அம்மா

பி.கு: பாதிரியாரைப் பார்க்கத்தான் போகிறேன். உடல் இல்லாமலே ஞாயிற்றுக்கிழமை இறுதிப் பிரார்த்தனை வைக்கச் சொல்லப்போகிறேன். நீ வர மாட்டாய் என்று தெரியும். உன் வெள்ளைச் சட்டையைத் தேய்த்து நாற்காலியில் போட்டிருக்கிறேன்.