வரிசையின் கடைசி ஆள்

டாம்பா, செப்டம்பர் 14

அன்புள்ள அப்பாவுக்கு,

என் எண்ணை உங்கள் கைபேசியில் தடுத்து வைத்து இரண்டு வருஷமாகிறது. அதனால்தான் தபால்தலை ஒட்டுகிறேன். கிழித்துப் போடுவதென்றால் படித்துவிட்டுக் கிழியுங்கள்.

அந்தக் கிறிஸ்துமஸ் மேசையில், வாழையிலையில் கட்டி வேகவைத்த பாஸ்தெல்லைப் பிரித்துக்கொண்டே, "பழைய படகுச் சவாரிய இடிக்கப் போறாங்கடி" என்று நீங்கள் சொன்னது வீட்டுப் பேச்சு. நான் அதை என் வலைப்பக்கத்தில் போட்டேன். கேளிக்கைப் பூங்காவில் அடுத்து என்ன வரும் என்று ஊகித்துக்கொண்டே இருக்கும் என் பைத்தியங்கள் பன்னிரண்டாயிரம் பேர் கொண்டாடினார்கள். இருபத்திரண்டு வருஷம் அங்கே தச்சு வேலை பார்த்த உங்களை, செய்தி உங்களால்தான் கசிந்தது என்று வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும், அப்பா.

இந்த ஹாலோவீன் பேய்த் திருவிழாவுக்குப் பக்கத்துப் பூங்காவில் சேர்ந்திருக்கிறீர்கள் என்று அம்மா சொன்னாள். முட்டி வலிக்கிறதாமே? ஒரே ஒரு வரி எழுதுங்கள். அது போதும்.

உங்கள் யதிரா


கிஸ்ஸிம்மி, அக்டோபர் 2

யதிராவுக்கு,

கடிதம் வந்தது. கிழிக்கவில்லை.

முட்டி வலிக்கத்தான் செய்கிறது. பேய் வீட்டுக்குப் போகும் வரிசையின் கடைசியில், 'வரிசை இங்கே முடிகிறது' என்ற பலகையைத் தூக்கிக்கொண்டு நிற்பதுதான் வேலை. வரிசை வளர வளர நானும் பின்னால் நகர வேண்டும். போன சனிக்கிழமை மூன்று மணி நேர வரிசை. எலுமிச்சைச் சாறு கடையைத் தாண்டி, கழிப்பறை வாசல் வரைக்கும் போய்விட்டேன். ரம்பத்தோடு துரத்தும் பேய் வேடக்காரனுக்குப் பயந்து ஓடியவர்கள் விட்டுப்போன ஒற்றைச் செருப்பு மட்டும் பதினொன்று.

எல்லாரும் கேட்பது ஒன்றுதான். "பெரியவரே, அந்தப் பச்சை வேலிக்குப் பின்னால என்ன கட்டுறாங்க?" "வேலிதான் கட்டுறாங்க" என்று சொல்லிவிடுவேன். கேட்கிறவர்கள் உன் ஆட்களாகத்தான் இருப்பார்கள்.

அனிபல் கின்டானா


டாம்பா, அக்டோபர் 9

அன்புள்ள அப்பாவுக்கு,

பெற்ற மகளுக்கு முழுப் பெயரில் கையெழுத்துப் போடும் அப்பா நீங்கள் ஒருவர்தான். பரவாயில்லை, எழுதினீர்களே.

ஞாயிற்றுக்கிழமை வந்திருந்தேன். தொப்பியை மூக்கு வரை இறக்கிக்கொண்டு உங்கள் வரிசையில் சேர்ந்தேன். கடைசி ஆளாக இருந்தால்தானே உங்கள் பக்கத்தில் நிற்க முடியும்? எனக்குப் பின்னால் யார் வந்தாலும், "நீங்க முன்னால போங்க, என் கூட்டாளி இன்னும் வரல" என்று விட்டுக்கொடுத்தேன். ஒன்றரை மணி நேரத்தில் இருநூறு பேராவது என்னைத் தாண்டிப் போயிருப்பார்கள். ஓர் அம்மாள் சிரித்தாள். "என்னம்மா, காசு குடுத்து உள்ள வந்துட்டு இப்படிப் பின்வாங்குற? அவ்வளவு பயமா?" "ஆமாங்க, ரொம்பப் பயம்" என்றேன். அது உண்மைதான்.

நீங்கள் பலகையைக் கை மாற்றும்போதெல்லாம் வாங்கிப் பிடித்துக்கொள்ளலாமா என்று மனசு துடித்தது. தைரியம் வரவில்லை. பேய் வீட்டைப் பார்க்காமலே திரும்பிவிட்டேன்.

யதிரா


கிஸ்ஸிம்மி, அக்டோபர் 16

யதிரா,

தொப்பி போட்டால் எனக்கு ஆள் தெரியாதா? ஆறு வயதிலிருந்தே நீ ஒரு காலால் மற்றக் காலைச் சொறிந்துகொண்டுதான் நிற்பாய். நான்தான் வேண்டுமென்றே அந்தப் பக்கம் திரும்பவில்லை. திரும்பியிருந்தால் பலகையைக் கீழே போட்டிருப்பேன்.

ஒரு செய்தி. என்னைத் தச்சுக் கூடத்துக்கு மாற்றிவிட்டார்கள், பச்சை வேலிக்கு உள்ளேயே. இரண்டு வருஷத்துக்குப் பிறகு உடம்பெல்லாம் மரத்தூள்! உள்ளே பார்த்ததை வெளியே சொல்ல மாட்டேன் என்று கையெழுத்துப் போட்டிருக்கிறேன். இந்த வேலையும் போனால் இந்த வயதில் என்னை யாரும் கூப்பிட மாட்டார்கள். அதனால் ஒன்றும் கேட்காதே.

சாப்பாட்டு இடைவேளையில், கைக்குக் கிடைத்த தாளில் எழுதுகிறேன். பென்சில் எழுத்து, பொறுத்துக்கொள்.

அனிபல்


டாம்பா, அக்டோபர் 20

அப்பா,

கைக்குக் கிடைத்த தாள் என்றீர்களே, அதைத் திருப்பிப் பார்த்தீர்களா? பின்பக்கம் அந்தப் புதுச் சவாரியின் வரைபடம். பெயர், அளவு, எல்லாம் இருக்கிறது.

பார்க்கவில்லை என்று பொய் சொல்ல மாட்டேன். பார்த்தேன். இரண்டு வருஷமாக எல்லாரும் மண்டையை உடைத்துக்கொள்வது இதற்குத்தானே? ஒருவன் டிராகன் என்கிறான், இன்னொருவன் கப்பல் என்கிறான். கட்டப்போவதன் உயரம் பார்க்கப் பூங்காக்காரர்கள் பறக்கவிட்ட பலூனை வைத்துக் கோபுரம் என்று நானே சத்தியம் செய்திருந்தேன். அத்தனையும் தப்பு!

படம் எடுக்கவில்லை. யாரிடமும் சொல்லவில்லை. "யதிரா, வேலிக்குப் பின்னால என்னன்னு ஏதாவது தெரிஞ்சுதா?" என்று நேற்றும் கேட்டார்கள். "தெரியாது" என்று போட்டேன். "உன் மவுசு போச்சுடி" என்று ஒருத்தி கேலி செய்தாள். போகட்டும்.

தாளை இத்துடன் வைத்திருக்கிறேன். உங்கள் எழுத்தும் அதோடு போகிறதே என்றுதான் மனசு கேட்கவில்லை. உங்கள் கடிதம் இருந்த பக்கத்தை மட்டும் என் கையால் எழுதி வைத்துக்கொண்டேன்.

யதிரா


கிஸ்ஸிம்மி, அக்டோபர் 25

என் கண்ணு யதிராவுக்கு,

இது சுத்தமான தாள். உன் அம்மா இரண்டு பக்கமும் புரட்டிப் பார்த்துத்தான் கொடுத்தாள்.

தாள் வந்து சேர்ந்தது. உனக்கு எழுதிப் போட்ட அன்று சாயங்காலமே கூடத்தில் அந்த வரைபடத்தைக் காணோம் என்று தேடினேன். எங்கே போயிருக்கும் என்று புரிந்ததும் வீட்டுக்கு வந்து சொன்னேன். உன் அம்மா கைபேசியை என் கையில் திணித்தாள். "அவளுக்கு இப்பவே சொல்லுய்யா, எதையாவது போட்டுடப் போறா!" "வேண்டாம். நான் சொல்லி அவ நிறுத்துனதா இருக்க வேண்டாம்" என்றேன். வீராப்பாகச் சொல்லிவிட்டு, மூன்று நாள் உன் வலைப்பக்கத்தைத் திறந்து திறந்து பார்த்தேன். 'தெரியாது' என்று நீ போட்டிருந்ததைப் பார்த்ததும் அழுதுவிட்டேன். "ரெண்டு வருஷத்த வீணாக்குன மனுஷா!" என்று அவள் முதுகில் ஓர் அடி வைத்தாள். நன்றாக வலித்தது.

உன் எண்ணைத் திறந்துவிட்டேன். ஆனாலும் கடிதம் எழுது.

கிறிஸ்துமஸுக்கு வந்துவிடு. பாஸ்தெல் கட்ட வாழையிலையை நீதான் வாட்ட வேண்டும், உன் அம்மா விரலைச் சுட்டுக்கொள்கிறாள். இரண்டு வருஷமாக அந்த மேசையில் உன் அம்மாவிடம்கூட உப்பை எடு, தண்ணீரைக் கொடு என்பதற்கு மேல் நான் வாயைத் திறந்ததில்லை. பயம்தான். இந்த வருஷம் வாய் ஓயாமல் பேசப் போகிறேன். வேலையைப் பற்றியும் ஏதாவது உளறிவிடுவேன். உளறினால் என்ன, நீதானே கேட்டுக்கொண்டிருக்கப் போகிறாய்.

உன் அப்பா