கல்யாணப் பந்தலில் பிடித்த தீ

கும்ப மாசம் 14, இரவு

எண்ணெய் தேய்த்துக் குளித்தும் தலையில் புகை நாற்றம் போகவில்லை.

மத்தியானம் கரமனை ஆற்றங்கரை மேட்டில் காய்ந்த புல் பற்றிக்கொண்டு, காற்றோடு தீ எங்கள் அக்கிரகாரத்துக்குள் வந்துவிட்டது. தெருக்கோடியில் இரண்டு ஓலை வீடுகள் எரிந்தன. அடுத்தது கிட்டு மாமா வீடு, அதற்கடுத்தது எங்களுடையது. மாமா வீட்டு வாசலில் மகள் செல்லம்மாளின் கல்யாணத்துக்குப் போட்ட ஓலைப் பந்தல்.

"கேட்டேளா மாமா, பந்தலைப் பிரிச்சுடலாம். அது வழியாத்தான் தீ வீட்டுக்கு ஏறும்" என்று என் ஆத்துக்காரர் கெஞ்சினார்.

"கல்யாணப் பந்தலையா? அபசகுனமாப் பேசாதேடா!" மாமா பந்தல்காலைக் கட்டிக்கொண்டு நின்றார்.

இவர் ஓடிவந்து, இரண்டு வீட்டுக்கும் நடுவிலிருந்த எங்கள் மாட்டுக்கொட்டகைக் கூரையைப் பிய்த்துத் தள்ளினார். நான் சாக்குகளை நனைத்து நனைத்துக் கொடுக்க, எங்கள் அடுக்களைக் கூரைமேல் பரப்பினார். பந்தல் ஒரே மூச்சில் எரிந்தது. மாமா வீடும் போயிற்று. அதற்கப்புறம் பற்றுவதற்கு ஒன்றுமில்லாமல் தீ நின்றது.

எரிகிற பந்தலிலிருந்து மாமாவை வெளியே இழுத்து வந்தது செல்லம்மாள்தான். இப்போது என் பக்கத்தில் படுத்திருக்கிறாள். திருநெல்வேலியிலிருந்து மாப்பிள்ளை வீட்டார் நாளை வந்து இறங்குகிறார்கள்.

சற்றுமுன் கேட்டாள்: "மாமி, என் ராசிதான் வீட்டை எரிச்சுதுன்னு அவா சொல்லுவாளோ?"

"அது புல்லுல பிடிச்ச தீடீ."

"அதை அவாகிட்ட யார் சொல்லுவா?"

நான் சொல்கிறேன் என்றேன். பிள்ளையைப் பெற்றவர்கள் முன்னால் எனக்குக் குரல் எழும்புமா, தெரியவில்லை. அவள் என் இடது கையை விடவே இல்லை. இதை ஒற்றைக் கையால்தான் எழுதிக்கொண்டிருக்கிறேன்.